மூன்றரை டம்ளர் தண்ணீர்

ஜனவரி 6, திங்கள்

நாற்பத்தொன்பது வயதில் எனக்கு ஒரு நோட்டு கொடுத்து வீட்டுப்பாடம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பச்சை அட்டை. உள்ளே கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறது. எழுந்த நேரம், வெந்நீர், நாற்பது நிமிட நடை, தட்டில் பாதி காய், பத்து டம்ளர் தண்ணீர், பத்து நிமிடம் கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பது, படுக்கும் முன் போனை வேறு அறையில் வைப்பது, ஏழு மணி நேரத் தூக்கம். கடைசிக் கட்டத்தின் பெயர் ‘மனம்’.

“கட்டத்தை எல்லாம் நான் பார்ப்பேன் சார். பின்னாடி வெறும் பக்கம் இருக்கு, அதுல மனசுல தோணறதை எழுதுங்க. அதை நாங்க யாரும் பார்க்கமாட்டோம்” என்றார் ஜெசிந்தா சிஸ்டர். சிறுநீரகம் கொடுப்பவர்களையும் வாங்குபவர்களையும் உட்காரவைத்துப் பேசுவதுதான் கோவை ஆஸ்பத்திரியில் அவர் வேலை.

கொடுப்பவன் நான், சென்னியப்பன். வாங்குபவள் என் அக்கா சுலோச்சனா. இரண்டு வருடமாகச் செவ்வாயும் வெள்ளியும் திருப்பூரில் டயாலிசிஸ் செய்துகொள்கிறாள். மச்சான் போய் ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகள் கைக்குழந்தையோடு ஓசூரில் இருக்கிறாள். அக்காவுக்கு என்னுடையது பொருந்துகிறது என்று போன மாதமே தெரிந்துவிட்டது.

இன்று என் உடம்பைப் பார்த்தார்கள். எடை எண்பத்திரண்டு. சர்க்கரை எல்லைக்கோட்டில். பிரஷர் கொஞ்சம் கூட. எல்லாம் சரியாக மூன்று மாதம் ஆகும். மார்ச் 31 அன்று மறுபடி போக வேண்டும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் சொன்னேன்.

“மூணு மாசந்தானே. ரெண்டு வருசம் ஓட்டீட்டேன், இத ஓட்ட மாட்டனா?” என்றாள்.

அவளுக்கும் ஒரு நோட்டு உண்டு, சிவப்பு அட்டை. அதில் அவளுக்கு ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி தண்ணீர்தான். டம்ளர் கணக்கில் மூன்றரை. காபி, ரசம், மாத்திரை விழுங்கக் குடிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். திரும்பும்போது பஸ்ஸில் நான் பாட்டிலைத் திறந்தேன். அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மனம்: நன்று.

ஜனவரி 7, செவ்வாய்

ஐந்து மணிக்கு எழுந்தேன். வெந்நீர் குடித்தேன். நாற்பது நிமிடம் நடந்தேன். இதில் பதினைந்து நிமிடம் பஸ் ஸ்டாண்ட் பேக்கரியில் நின்றுகொண்டிருந்தது. நிற்பதும் காலுக்கு ஒரு வேலைதானே.

ஜனவரி 10, வெள்ளி

என் தொழிலைப் பற்றி இதில் இன்னும் எழுதவில்லை. காங்கேயத்தில் தாராபுரம் ரோட்டில் லாரி எடைமேடை வைத்திருக்கிறேன். லாரி மேடையில் ஏறும், கூண்டுக்குள் உட்கார்ந்து பொத்தானை அமுக்குவேன், சீட்டு வரும். காலையிலிருந்து சாயங்காலம் வரை என் உடம்பில் அசைவது அந்த ஒரு விரல்தான். பெரிய பெரிய பாரத்தை எல்லாம் எடை போடும் மேடை என்னை ஏற்றினால் பூஜ்யம் காட்டுகிறது. அது இருபது கிலோ, இருபது கிலோவாகத்தான் எண்ணும், நான் ஏறியதும் தூசு என்று தள்ளிவிடுகிறதோ என்னவோ. சந்தோஷமாக இருந்தது.

இன்று ஒரு கொப்பரை லாரியைப் பிடித்தேன். பாரத்தோடு வந்தபோது பின்னால் இரண்டு பீப்பாய் நிறையத் தண்ணீர் இருந்தது. இறக்கிவிட்டு வெறும் வண்டியாக வரும்போது பீப்பாய் காலி. நானூறு கிலோ தண்ணீரைக் கொப்பரை என்று விற்கப் பார்த்தான். “இந்த வேலையெல்லாம் நான் மீசை முளைக்கறதுக்கு முந்தியே பாத்தாச்சு தம்பி” என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான்.

போனில் நடையை எண்ணும் வசதியை மகன் போட்டுக் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனான். கூண்டில் உட்கார்ந்தபடியே காலை ஆட்டினால் அதுவும் எண்ணுகிறது. ஆறாயிரத்து இருநூறு வந்தது.

மனம்: நன்று.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மெஷினுக்குப் பண்டிகை தெரியாது, அக்கா திருப்பூர் போய்வந்தாள். சாயங்காலம் நானும் பூங்கொடியும் அவள் வீட்டுக்குப் போனோம். பூங்கொடி என் மனைவி. அக்கா நாங்கள் கொண்டுபோன பொங்கலை ஒரு ஸ்பூன் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, “வெல்லம் பத்தலை” என்றாள். எங்கள் வீட்டில் எது செய்தாலும் அவளுக்கு ஒன்று பத்தாது.

கையில் ஊசி குத்திய இடம் ஒரு சுண்டைக்காய் அளவு வீங்கியிருந்தது. “எளைச்சுட்டாப்ல இருக்குதே நீ” என்றாள் என்னைப் பார்த்து. ஒன்றரைக் கிலோ என்றேன். அது உண்மை. வயிறு சரியில்லாமல் இரண்டு நாள் கிடந்ததில் குறைந்தது.

ஜனவரி 24, வெள்ளி

ஜெசிந்தா சிஸ்டர் போன் செய்தார். வழக்கமான விசாரிப்புதான். நடை நன்றாகப் போகிறது, தட்டில் பாதி காய்தான் என்றேன்.

“நான் நடையைக் கேட்கலை சார்.”

லாரி வந்துவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். லாரி ஒன்றும் வரவில்லை.

ஜனவரி 27, திங்கள்

பத்து நிமிடம் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டுமாம். மூச்சைக் கவனிக்க ஆரம்பித்தால் அது நின்றுபோகுமோ என்று பயம் வருகிறது. கவனிக்காத வரைக்கும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது நிமிடத்தில் எழுந்துவிட்டேன். கட்டத்தில் பத்து என்று எழுதினேன்.

பிப்ரவரி 3, திங்கள்

இன்று அப்பாவின் திதி. இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது.

குடலிறக்கம். ஒரு மணி நேர வேலை, சாயங்காலம் எழுந்து இட்லி சாப்பிடுவார் என்றார்கள். இட்லி வாங்கி வைத்துக்கொண்டு நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். மயக்க மருந்து கொடுத்ததோடு சரி. அப்பாவுக்கு ஆபரேஷன் வேண்டவே வேண்டாம் என்றுதான் இருந்தது. பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தவள் அக்கா. படிவத்தில் கையெழுத்துப் போட்டவளும் அக்காதான். அவள் மேல் தப்பில்லை, யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஒருநாளும் நான் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. ஆனால் மறந்ததும் இல்லை.

சாப்பிடும்போது பூங்கொடி கேட்டாள். “ஏனுங்க, பயமா இருக்குதுங்களா? இருந்தா இருக்குதுன்னு சொல்லீருங்க.”

“பயம் என்ன பயம்? எடைதான் குறைய மாட்டேங்குது.”

அவள் என் தட்டில் இன்னும் கொஞ்சம் பொரியல் வைத்தாள்.

மனம்: நன்று.

பிப்ரவரி 7, வெள்ளி

தேங்காய் பன் இரண்டு. எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

நேற்று அக்காவைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை. முகம் உப்பி, நிறம் மங்கி, படி ஏற மூச்சு வாங்குகிறது. வாய் காய்ந்துபோய் ஒரு ஐஸ் துண்டை நாக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “இது கரைஞ்சா முப்பது மில்லிடா, அதையும் கணக்கு வெக்கோணும்” என்றாள். அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது.

அரிசி ஆலை மேனேஜர் லாரி எடைக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். “கிட்னின்னா வாழைத்தண்டுதானுங்க. ஒரு மண்டலம் குடிச்சேன், எனக்குக் கல்லே கரைஞ்சு போச்சு” என்றார். எனக்கு அப்போதே பாதி பாரம் இறங்கியது. நம் ஊர் வைத்தியம் கையில் இருக்க, இதை எப்படி யோசிக்காமல் போனேன்?

பிப்ரவரி 14, வெள்ளி

ஐந்து மணிக்கு எழுந்து நானே தண்டை நறுக்கி, நார் எடுத்து, மிக்ஸியில் அடித்து, வடிகட்டினேன். உப்பு சேர்க்கவில்லை, அக்காவுக்கு உப்பு ஆகாது. அந்த அளவுக்கு எனக்கும் தெரியும். இருபது நிமிடம் நடந்து அவள் வீட்டுக்குப் போனேன். திருப்பூர் கிளம்பத் தயாராக நின்றிருந்தாள்.

“என்னடா இது?”

“வாழைத்தண்டு. கிட்னிக்கு நல்லது. குடி.”

டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “வெச்சுட்டுப் போ, குடிக்கறேன்” என்றாள். திரும்பி இருபது நிமிடம். பேக்கரி வழியில் வராததால் இன்று நடை மெய்யாகவே நாற்பது நிமிடம்.

மனம்: நன்று. இது நிஜம்.

பிப்ரவரி 19, புதன்

ஆறாவது நாள். எடை எழுபத்தொன்பதரை. வாழைத்தண்டால் யாருக்கு நல்லதோ தெரியாது, அதைக் கொண்டுபோகிற நடை எனக்கு நல்லதாக இருக்கிறது. அக்கா இப்போதெல்லாம் கேட் திறந்து வைத்தே காத்திருக்கிறாள். ஒரு ஐந்து நிமிடம் பேசுகிறோம். இன்று எங்கள் வீட்டுச் சாம்பாரைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை.

இப்படியே இதிலேயே அவளுக்குச் சரியாகிவிட்டால்? சரியாகாது என்று தெரியும். இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

எடைமேடைக்கு லீவு. அக்கா வீட்டில் எதிரே உட்கார்ந்து அவள் குடித்து முடிக்கும் வரை பேசிக்கொண்டிருந்தேன். பெரிய டம்ளர். ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

பிப்ரவரி 24, திங்கள்

பத்தரை மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து போன். அக்காவுக்குக் கால் இரண்டும் வரவில்லை. நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. மூச்சு வாங்குகிறது, நாடி விட்டு விட்டு அடிக்கிறது. எடைமேடையில் ஒரு நெல் லாரி நின்றுகொண்டிருந்தது, சீட்டுப் போடாமலே ஓடினேன்.

திருப்பூர் வரைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை ஜில்லென்று இருந்தது. என்னைப் பார்த்தபடியே இருந்தாள்.

இப்போது உள்ளே மெஷினில் இருக்கிறாள். வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

பிழைத்துக்கொண்டாள்.

ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டதாம். கிட்னி வேலை செய்கிறவர்களுக்கு அது சிறுநீரில் போய்விடும், அக்காவுக்குப் போக வழியில்லை. தேங்கித் தேங்கி இதயத்தையே நிறுத்தியிருக்கும் என்றார் டாக்டர். “வெள்ளிக்கிழமைக்கும் செவ்வாய்க்கும் நடுவுலதான் ஆபத்து. ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிட்டாங்க?”

சொன்னேன். இளம் டாக்டர். என்னை அடிக்கக் கை ஓங்காததுதான் குறை. “கல்லுக்குச் சொல்றதை டயாலிசிஸ் பேஷன்ட்டுக்குக் குடுப்பீங்களா? யாரையாவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?” நான் யாரையும் கேட்கவில்லை. வாழைத்தண்டுக்கு யாரைக் கேட்பது என்று இருந்துவிட்டேன்.

சாயங்காலம் அக்கா பேசினாள்.

“அது ஆகாதுன்னு செவப்பு நோட்டுல மொதல் பக்கத்துலயே போட்டிருக்குதுடா. வாழைத்தண்டு, எளநீ, கீரைத்தண்ணி.”

“அப்பறம் எதுக்குக்கா குடிச்சே?”

“தெனமும் பாதியச் செம்பருத்திக்கு ஊத்தீட்டுப் பாதிதான் குடிச்சேன். ஞாயித்துக்கெழமை நீ எதுக்கால உக்காந்துட்டே.” கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். “வேண்டாம்னு சொன்னா மறுநாள் நீ வர மாட்டே. ரெண்டு வருசத்துல தெனமும் நீ வந்தது அந்தப் பத்து நாள்தான். அந்தத் தண்ணிக்காகக் காலைக் காபியக் கூட விட்டுட்டேன்.”

கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பிப்ரவரி 26, புதன்

இந்தப் பக்கத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. இருந்தும் இத்தனை நாள் இதில் கூடப் பொய்தான் எழுதிவந்திருக்கிறேன். ஜனவரி ஆறாம் தேதி நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

மூன்று மாதம் என்று டாக்டர் சொல்லவில்லை. “எடை கொஞ்சம் குறைஞ்சா நல்லது, ஆனா இது தடை இல்லை. அடுத்த வாரமே மீதி டெஸ்ட் ஆரம்பிச்சா மாசக் கடைசியில ஆபரேஷன் வெச்சுக்கலாம்” என்றுதான் சொன்னார். அதற்குப் பிறகு ஜெசிந்தா சிஸ்டர் என்னைத் தனி அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். “கொடுக்க இஷ்டம் இல்லைன்னா இங்கேயே சொல்லிடலாம் சார். உங்க உடம்பு இதுக்கு ஒத்துவரலைன்னு மட்டும் அக்காகிட்ட சொல்லிடுவோம். காரணம் இந்த ரூமைத் தாண்டாது” என்றார்.

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் வரவில்லை. அப்பாவுக்கு வாங்கி வைத்த இட்லிப் பொட்டலம்தான் கண் முன்னால் நின்றது. “மூணு மாசம் குடுங்க, உடம்பைச் சரி பண்ணீட்டு வாரேன்” என்றேன். சிஸ்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து இந்தப் பச்சை நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

கட்டங்களில் எழுதியதிலும் பாதிக்கு மேல் பொய். காலை ஆட்டி நடை எண்ணினேன். மூன்று நிமிடத்தைப் பத்து என்றேன். இளைக்கக் கூடாது என்றுதான் பன் தின்றேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஊரில் உள்ள லாரிக்காரன் பீப்பாயை எல்லாம் எட்டிப் பார்க்கிறவன் நான்.

அன்றைக்கே சரி என்றிருந்தால் அக்கா இன்றைக்கு வீட்டில் இருந்திருப்பாள்.

மனம்: பயம். வேறு ஒன்றும் இல்லை, பயம்.

மார்ச் 1, சனி

ஜெசிந்தா சிஸ்டருக்குப் போன் செய்து சம்மதம் என்றேன். “நிச்சயமா சார்?” என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு அக்கா வீட்டுக்குப் போனேன். வியாழன்தான் வீடு திரும்பியிருந்தாள். எல்லாவற்றையும் வாயால் சொல்ல ஆரம்பித்தேன், முடியவில்லை. நோட்டை அவள் மடியில் வைத்து, போன புதன்கிழமைப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். முப்பது வருடம் அங்கன்வாடியில் டீச்சராக இருந்தவள், எதையும் இரண்டு தடவை படிப்பாள்.

“போயிரு” என்றாள்.

“அக்கா...”

“உன்ற கிட்னி எனக்கு வேண்டாம். என்ற கண்ணு முன்னால நிக்காதே.”

நோட்டை அவளே வைத்துக்கொண்டாள். இதை எடைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். வாங்குகிறவர் சம்மதிக்காவிட்டால் ஆபரேஷன் கிடையாது என்கிறார் சிஸ்டர். கொடுக்க மனசு வந்த அன்றைக்கு வாங்க ஆளில்லை.

மார்ச் 2, ஞாயிறு

ஐந்து மணிக்கு எழுந்தேன். இருபது நிமிடம் நடந்து அக்கா வீட்டுக் கேட் முன்னால் நின்றேன். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. விளக்கு எரிந்தது. கேட் திறக்கவில்லை. திரும்பி இருபது நிமிடம்.

மார்ச் 3

நடை நாற்பது. கேட் திறக்கவில்லை.

மார்ச் 5

நடை நாற்பது. தண்ணீர் பத்து டம்ளர். நான்காவது டம்ளரை எடுக்கும்போது எல்லாம் ஒரு தரம் கீழே வைத்துவிட்டுத்தான் குடிக்கிறேன். அக்காவுக்கு நாள் முழுக்க இவ்வளவுதான்.

மார்ச் 7, வெள்ளி

இன்று அவள் டயாலிசிஸுக்குக் கிளம்பும் நேரம். ஆட்டோவில் ஏறும்போது என்னைத் தாண்டித்தான் போனாள். கால் தடுமாறியது. பிடிக்கப் போனேன், கையை உதறிக்கொண்டாள். இப்படி எத்தனை வெள்ளிக்கிழமை தாங்குவாள்? பதினொரு மணிக்கு வந்த லாரிக்கு எடையைத் தப்பாகப் படித்துவிட்டேன். இருபது வருடத்தில் முதல் தடவை.

மார்ச் 9, ஞாயிறு

“நீங்க எதுக்குங்க தெனமும் போயி நிக்கறீங்க? வேணும்னா கூப்புட மாட்டாங்களா?” என்றாள் பூங்கொடி.

“வாழைத்தண்டு இல்லாமயும் நான் வருவேன்னு அவளுக்குத் தெரியோணும்.”

பூங்கொடி நாளையிலிருந்து தானும் வருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். மூச்சைக் கவனிக்கும் பத்து நிமிடத்துக்கு மட்டும் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். முதல் தடவையாகப் பத்தும் முடிந்தது. மூச்சு நின்றுபோகவில்லை.

மார்ச் 13, வியாழன்

பன்னிரண்டாவது நாள். நடந்து போனேன், கேட் திறந்திருந்தது. அக்கா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பச்சை நோட்டு. ‘மனம்’ என்ற கட்டத்தில் நான் எழுதியிருந்த ‘நன்று’ எல்லாவற்றையும் பென்சிலால் வரிசையாக அடித்து வைத்திருந்தாள்.

“பயமாடா?”

“ஆமாக்கா.”

“ரொம்பவா?”

“ராத்திரி தூக்கமே வரதில்லை.”

கையில் ஊசி குத்திய இடத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். “அப்பனுக்குக் கையெழுத்துப் போட்டது நாந்தான். நீ கேக்கலேன்னா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? உன்ற மேல கோவம்தான், இல்லேங்கலை. ஆனா அதுக்காக வேண்டாம்னு சொல்லலைடா. உன்னையும் அந்த ரூமுக்குள்ள அனுப்பீட்டு நான் மறுக்காவும் வெளிய உக்கார முடியாது.”

“இந்தத் தடவை நீ வெளிய உக்கார மாட்டேக்கா. பக்கத்து ரூம்ல படுத்திருப்பே.”

அக்கா சிரித்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று சரியாகத் தெரியவில்லை. நானும் படியில் உட்கார்ந்தேன்.

“செரி வா. பயந்துக்கிட்டே வா. பயமில்லேன்னு சொல்லீட்டு வந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றாள். எழுந்து என்னோடு தெருமுனை வரை நடந்தாள். நூறு அடி இருக்கும். மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

நோட்டு திரும்பக் கிடைத்துவிட்டது. எடைச் சீட்டுகளை அதில் குண்டூசியால் குத்தி வைத்தேன்.

மார்ச் 31, திங்கள்

எடை எழுபத்தாறு. சர்க்கரை எல்லைக்கு உள்ளே. பிரஷர் 128. டாக்டர் சந்தோஷப்பட்டார். தனி அறையில் ஜெசிந்தா சிஸ்டர் அதே கேள்வியை மறுபடி கேட்டார். அது கட்டாயமாம்.

“கொடுக்கிறேன் சிஸ்டர். பயமா இருக்கு. எழுதிக்குங்க.”

அவர் எழுதிக்கொண்டார். ஏப்ரல் 9 என்று தேதி கொடுத்தார்கள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஆஸ்பத்திரி. உயில் மாதிரி ஏதாவது எழுதலாமா என்று யோசித்தேன். எடைமேடைச் சாவி எங்கே இருக்கிறது என்று பூங்கொடிக்குத் தெரியும். அவ்வளவுதான் சொத்து விவரம்.

சாயங்காலம் எல்லாக் கட்டமும் நிரப்பினேன். பொய் இல்லை. நடை வராந்தாவில் நாற்பது நிமிடம், அதில் பாதி நேரம் அக்கா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் என்னைக் கூட்டிப்போகும்போது இட்லி வாங்கி வைக்க வேண்டாம் என்று பூங்கொடியிடம் சொன்னேன்.

மனம்: அதே பயம்.

ஏப்ரல் 10, வியாழன்

இருக்கிறேன். அக்காவும் இருக்கிறாள். வலி. நாளைக்கு எழுதுகிறேன்.

ஏப்ரல் 12, சனி

காலை ஏழு மணிக்கு நர்ஸ் என்னை எழுப்பி நடக்க வைத்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூன் விழுந்தவன் மாதிரி நடந்தேன். நடை: நான்கு நிமிடம். அக்கா இருக்கும் அறை வரை போக அது போதுமாக இருந்தது. உள்ளே விட மாட்டார்கள், வாயில் முகமூடி போட்டுக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம்.

அக்கா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வீக்கம் வடிந்து, பழைய தாடை தெரிந்தது. ஆபரேஷன் மேஜையிலேயே என் சிறுநீரகம் அவளுக்குள் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் நேற்றே சொன்னார். சிறுநீர் போவதற்குத் தகுந்தபடி தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் புதுச் சிறுநீரகம் வாடிவிடும். அவள் கட்டில் பக்கத்தில் ஒரு முழு ஜாடித் தண்ணீர் இருந்தது. இரண்டு வருடமாக அவள் அறையில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

நர்ஸ் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். அக்கா முதலில் பழக்கத்தில் ஒரு வாய் உறிஞ்சி, வாய்க்குள் வைத்துக்கொண்டு, டம்ளரைக் கீழே வைக்கப் போனாள். நர்ஸ் ஏதோ சொன்னார். மறுபடி எடுத்து அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். கழுத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. இரண்டாவது டம்ளர். மூன்றாவது. என் கை கண்ணாடியில் இருந்தது. வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. டம்ளரைத் தூக்கிக் காட்டி ஏதோ சொன்னாள். கதவு சாத்தியிருந்ததால் எனக்குக் கேட்கவில்லை. நர்ஸ் வெளியே வந்தபோது கேட்டேன்.

“தண்ணில குளோரின் வாடை அடிக்குதாம் சார், உங்க ஊர்த் தண்ணி கொண்டுவரச் சொல்றாங்க” என்றார்.

இதிலும் ஒன்று பத்தவில்லை அவளுக்கு.

நர்ஸ் உள்ளே போய் நான்காவது டம்ளரை ஊற்றினார். மணி ஏழே முக்கால்தான். அக்கா அதையும் வாங்கிக் குடித்தாள்.